இருவர் எண்ணிக்கை

செப்டம்பர் 9, செவ்வாய்

காலை 150/96. இரத்த அழுத்தத்தைத் தினமும் குறித்துவரச் சொல்லி டாக்டர் இந்த டைரியைக் கொடுத்தார். மருந்துக் கம்பெனி டைரி. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு குடும்பம் சிரித்துக்கொண்டிருக்கிறது. எண்ணை மட்டும் எழுதிவிட்டு மீதிப் பக்கத்தை வெறுமையாக விட எனக்கு மனம் வருவதில்லை. இருபது வருடம் ஆய்வகக் குறிப்பு எழுதிய கை.

மீனவர் தொம்மை நான்கு ஓட்டுக்கணவாய்களைக் கொண்டுவந்து விலங்கியல் துறை வாசலில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். வாளி முழுக்க மை. நான்கும் சின்ன இனம். வயிற்றைக் கீறி, சிறுநீரகப் பையைத் திறந்து, உள்ளே இருப்பதைக் கண்ணாடித் தகட்டில் தேய்த்து, மஞ்சள் திராவகத்தில் போட்டேன். கணவாய் செத்த சில மணி நேரத்தில் அதன் சிறுநீரகத்தில் இருக்கும் புழுவும் செத்துக் குழைந்துவிடும். அதனால் அன்று பிடித்தது அன்றே வரவேண்டும்.

புழுவைப் பற்றி யாராவது கேட்டால் சொல்ல என்னிடம் நான்கு வாக்கியம் தயாராக இருக்கிறது. வெறும் கண்ணுக்குத் தெரியாது. வாய், வயிறு, நரம்பு எதுவும் இல்லை. நடுவில் நீளமாக ஒரு செல், அதைப் போர்த்தினாற்போலச் சுற்றிலும் இருபது சொச்சம் புறச்செல்கள், அவ்வளவுதான் உடம்பு. கணவாய்க்கு அதனால் கெடுதலும் இல்லை, நல்லதும் இல்லை. பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை.

செப்டம்பர் 12, வெள்ளி

148/94. பத்திரிகையிலிருந்து பதில் வந்துவிட்டது. நானும் பேச்சியம்மாள் மேடமும் சேர்ந்து எழுதிய கட்டுரை. சின்னக் கணவாயில் இரண்டு புதுப் புழு இனங்கள். ஏற்றுக்கொள்கிறார்களாம், திருத்தங்களுடன்.

இரண்டாவது மதிப்பீட்டாளர் ஒரு கேள்வி கேட்டிருக்கிறார். பத்து வருடத்துக்கு முன் இதே சின்னக் கணவாயிலிருந்து உங்களில் ஒருவர் டைசியெமா அமலியே என்று ஓர் இனத்தை விவரித்திருக்கிறார். இப்போது அறுபது கணவாய் பார்த்தும் அதில் ஒன்றுகூடக் கிடைக்கவில்லையே, ஏன்? பழைய தகடுகளை மறுபடி பார்த்து விளக்கம் தரவும். கெடு அக்டோபர் 31.

நியாயமான கேள்வி.

மேடம் சந்தோஷமாக இருந்தார். இருவருக்கும் டீ வாங்கிவந்தார்.

"எத்தன வருசமா அமலி பேர எழுதிட்டு இருக்கோம். ஒரு நாளு பிள்ளைய லேபுக்குக் கூட்டிட்டு வாங்களேன் சார். இப்ப பதினொண்ணு இருக்கும்லா?"

"இருக்கும்."

"ஆறாங்கிளாஸா?"

"ஆமா."

"எங்க படிக்கா?"

"வெளியூர்ல."

அந்தப் பழைய கட்டுரையில் பெயர்க் காரணம் எழுதும் இடத்தில் 'ஆசிரியரின் மகள் அமலியின் பெயரால்' என்று இருக்கிறது. மேடம் இந்தத் துறைக்கு வந்த முதல் மாதமே அதைப் படித்துவிட்டுக் கேட்டார். அப்போது வாயில் வந்தது வெளியூர். ஆறு வருடமாக அவள் வெளியூரில் படிக்கிறாள்.

செப்டம்பர் 16, செவ்வாய்

152/96. தகட்டுப் பெட்டியை அலமாரியிலிருந்து எடுத்து மேசையில் வைத்தேன். திறக்கவில்லை. விடைத்தாள் இருபத்தெட்டு திருத்தினேன்.

செப்டம்பர் 17, புதன்

149/95. விடைத்தாள் முப்பத்தொன்று.

செப்டம்பர் 22, திங்கள்

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. ஓர் இனத்துக்குப் புறச்செல் எத்தனை என்பதுதான் அதன் அடையாளம். அது மாறாது. அதனால் இருவர் எண்ண வேண்டும். ஒருவர் எண்ணுவதை மற்றவர் பார்க்கக் கூடாது. ஆளுக்கொரு சீட்டில் எழுதி, மடித்து, பிறகு மாற்றிக்கொள்ள வேண்டும். ஒத்துவந்தால் குறிப்பேட்டில் ஏறும். வராவிட்டால் மறுபடி முதலிலிருந்து.

இன்று பெட்டியைத் திறந்தோம். இரண்டு தகடுகள், ஒன்பது புழுக்கள். சாயம் லேசாக வெளுத்திருக்கிறது. சீட்டை மாற்றிக்கொண்டோம். என் சீட்டில் ஒன்பது முறை இருபது. அவர் சீட்டில் ஒன்பது முறை இருபத்திரண்டு.

"எனக்கு இருபத்திரண்டு வருதே, சார்."

"திரும்ப எண்ணுங்க."

"மூணு தடவ எண்ணிட்டேன். இங்க பாருங்க."

நுண்ணோக்கியின் புதுக் கேமராவில் பெரிதாக்கிக் காட்டினார். வாலில் கடைசி இரண்டு செல்கள் குழைந்துபோய் மற்றவற்றின் அடியில் ஒளிந்திருக்கின்றன. தெரிந்துகொண்டு பார்த்தால் நன்றாகவே தெரிகிறது.

என் சீட்டை அவர் கசக்கவில்லை. மடித்து என் பக்கமே வைத்தார். நான் இன்று உண்மையில் எண்ணினேனா என்று யோசிக்கிறேன். எண்ணியதாக நினைவில்லை. அமலிக்கு இருபது என்று எனக்குத் தெரியும், அதை எழுதினேன்.

இருபத்திரண்டு என்பது பெரிய வரிக் கணவாயில் இருக்கும் புழு. நான் பிறப்பதற்கு முன்பே யாரோ ஒரு வெளிநாட்டுக்காரர் விவரித்துப் பெயர் வைத்தது. அப்படியானால் அமலி தனி இனம் இல்லை. ஆனால் பெரிய கணவாயின் புழு சின்னக் கணவாய்க்குள் எப்படி வந்தது? "அதுதான் சார் எனக்கும் புரியல" என்றார் மேடம்.

146/94, மாலையில்.

செப்டம்பர் 27, சனி

தொம்மை கணவாயோடு உள்ளேயே வந்துவிட்டார், பஞ்சாயத்துப் பேச. வாளியைத் திருப்பித் தருவதில்லையாம் நாங்கள். மூன்று வாளி பாக்கி. இரண்டைத் தேடிக் கொடுத்தேன். பெரிய கணவாயும் சின்னதும் ஒரே வலையில் விழுமா என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டேன்.

"விழும். ஏன், என்னைக்குப் புடிச்சது?"

"ரெண்டாயிரத்துப் பதினாலு, ஆகஸ்டு பதினேழு." தகட்டின் சீட்டில் அப்படித்தான் இருக்கிறது. தெரேஸ்புரம், அன்று காலை பிடித்தது. என் கையெழுத்து.

அவர் விரல்விட்டுப் பார்த்தார். "இருக்காதே. அந்த வருசம் மாதா திருநாளுக்குத்தான எம் மவன் கோயில்ல புதுநன்ம எடுத்தான். பதினஞ்சு, வெள்ளிக்கிழம. அப்பம் பதினேழு ஞாயித்துக்கிழமலா? ஞாயித்துக்கிழம எவன் சார் கடலுக்குப் போவான்?"

"வேற துறைமுகமா இருக்கும்."

"அப்பம் தெரேஸ்புரம்னு ஏன் எழுதினிய?"

மேடம் தலையைத் தூக்கிப் பார்த்தார். தொம்மை மூன்றாவது வாளியையும் அவராகவே கண்டுபிடித்து எடுத்துக்கொண்டு போனார்.

நானும் அந்தக் கரையில் பிறந்தவன்தான். ஞாயிற்றுக்கிழமை வள்ளம் இறங்காது என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

செப்டம்பர் 30, செவ்வாய்

155/98. பழைய குறிப்பேட்டை எடுத்தேன். ஆகஸ்டு 16 பக்கத்தில் ஒன்றும் இல்லை. 17ஆம் தேதிப் பக்கத்தில் ஒன்பது வரி, இரண்டு நிரல். முதல் எண்ணிக்கை, இரண்டாம் எண்ணிக்கை. இரண்டும் என் கையெழுத்து. நான்காவது வரியில் தாள் மெலிந்திருக்கிறது. சன்னல் வெளிச்சத்தில் பிடித்தால், ரப்பர் வைத்து அழித்த இடத்தில் 22 தெரிகிறது.

மாலை மனைவி மெட்டில்டாவோடு கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவளுக்குக் கண்ணாடி மாற்ற வேண்டுமாம். தபால் நிலையத்தில் நாள் முழுக்கச் சின்ன எழுத்து படித்துப் படித்து வந்தது.

அக்டோபர் 4, சனி

எழுதிவிடுகிறேன். டைரிதானே.

2014 ஆகஸ்டு 16, சனிக்கிழமை. காலையில் தொம்மை இரண்டு கணவாய் கொண்டுவந்தார், ஒன்று பெரியது, ஒன்று சின்னது. அறுக்க உட்காரும்போது போன் வந்தது. இரண்டையும் ஒரே தட்டில் வைத்துக் குளிர்பெட்டியில் தள்ளிவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். மெட்டில்டாவுக்கு எட்டரை மாதம். மதியம் இரண்டு மணிக்குப் பிள்ளை பிறந்தது. அழவில்லை. முன்தினமே போய்விட்டிருக்கும் என்றார்கள்.

ஒரு படிவம் தந்தார்கள். அதில் தாய் பெயர், தந்தை பெயர், ஆணா பெண்ணா எல்லாம் உண்டு. பிள்ளையின் பெயர் என்று ஒரு கட்டம் இல்லை. ஞானஸ்நானம் இல்லாததால் கோயில் புத்தகத்திலும் ஏறாது. மெட்டில்டா அமலி என்று ஏழாம் மாதமே முடிவு செய்து வைத்திருந்தாள். அன்று சாயங்காலம் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "பேர எங்கயாவது எழுதிப் போடுங்க" என்றாள். எழுதுகிறேன் என்றேன்.

மறுநாள் காலை அவள் தம்பி வால்டர் பிள்ளையை எடுத்துக்கொண்டு போக வந்தான். "மச்சான், வாங்க, போவோம்." நீ முன்னால் போ, வருகிறேன் என்றேன். கல்லறைக்குப் போகும் தெருவில் திரும்பாமல் நேராகக் கல்லூரிக்கு வந்தேன். ஞாயிற்றுக்கிழமை, யாரும் இல்லை. குளிர்பெட்டியில் தட்டு இருந்தது. பெரிய கணவாயின் பை கிழிந்து நீர் ஓடி, சின்னது அதில் கிடந்தது. அறுத்தேன். எண்ணினேன். அன்று எனக்குப் புதிதாக ஒன்று வேண்டியிருந்தது.

டாக்டர் இதைப் படிக்கமாட்டார், எண்ணைத்தான் பார்ப்பார். 158/100.

அக்டோபர் 8, புதன்

தேர்வு மேற்பார்வை, மூன்று மணி நேரம். கூடத்தில் எழுபத்திரண்டு பேர். 150/95.

அக்டோபர் 13, திங்கள்

"என்ன சார் எழுத? நாளு நெருங்குதே" என்றார் மேடம். ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் பரவாயில்லை.

"தனி இனம் இல்லன்னு எறக்கணும்னா ஒரு பத்திதான் சார். வேணும்னா நானே எழுதிடுதேன். பிள்ளைகிட்ட மட்டும் நீங்க பக்குவமாச் சொல்லிக்கிடுங்க. எம் பேரு போச்சேன்னு அழும்லா, பாவம்."

"சொல்லிக்கிடுதேன்."

அக்டோபர் 17, வெள்ளி

பீரோவில் வீட்டு வரி ரசீது தேடினேன். மெட்டில்டாவின் பைபிளுக்குள் அந்தக் கட்டுரையின் முதல் பக்கம் இருக்கிறது. பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருக்கிறாள். அதைக் கொண்டுவந்த பார்சலுக்கு அவளேதான் தபால் நிலையத்தில் முத்திரை குத்தி, அவளே வீட்டுக்கு எடுத்து வந்தாள். பெயர் இருக்கும் வரிக்கு அடியில் பென்சில் கோடு. அவளுக்கு அந்தப் பக்கத்தில் வேறு ஒன்றும் புரியாது.

உலகத்தில் அந்தப் பெயர் எழுதியிருக்கும் இடம் இது ஒன்றுதான். இதையும் நானே அடிக்க வேண்டும்.

ரசீது கிடைத்தது.

அக்டோபர் 18, சனி

'பழைய தகடுகள் சேதமடைந்துவிட்டதால் மறு ஆய்வு இயலவில்லை.' இந்த வரியை இன்று தட்டச்சு செய்து பார்த்தேன். நன்றாக இருந்தது. யாரும் மேலே கேட்கமாட்டார்கள். மேடம் ஒன்றும் சொல்லமாட்டார், கையெழுத்தும் போடமாட்டார். தகடு கீழே விழுந்தால் உடைந்துவிடும் என்பதும் நினைவுக்கு வந்தது. பெட்டியைக் கையில் எடுத்துக் கொஞ்ச நேரம் வைத்திருந்தேன். பயமாக இருந்தது. பூட்டிச் சாவியை மேடத்திடம் கொடுத்தேன்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. பக்கத்து வீட்டிலிருந்து முறுக்கும் அதிரசமும் வந்தன. அதிரசம் சாப்பிடக் கூடாது, சாப்பிட்டேன். 160/100, வெடிச் சத்தமாகவும் இருக்கலாம்.

அக்டோபர் 25, சனி

சொல்லிவிட்டேன்.

மெட்டில்டா சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். புதுக் கண்ணாடி. எதிரே உட்கார்ந்து நானும் இரண்டு உரித்தேன். அமலி என்று நான் பெயர் வைத்த புழு தனிப் புழு இல்லை, ஏற்கெனவே வேறு பெயர் உள்ளது, தப்பாக எண்ணிவிட்டேன், இப்போது அதை எழுத வேண்டும் என்றேன். வகுப்பில் பாடம் நடத்துகிற குரல்தான் வந்தது.

அவள் கை நிற்கவில்லை. "பேர அழிச்சிருவாவளா?"

"அழிக்க முடியாது. ஒரு தடவ அச்சுல வந்த பேர யாராலயும் எடுக்க முடியாது. அந்தப் பழைய பேருக்குக் கீழ, இது செல்லாதுன்னு போட்டு, அங்கேயே நிக்கும். அந்த வகையில வேற எந்தப் புழுவுக்கும் அத வைக்கவும் முடியாது. அதுதான் சட்டம்."

"ஆளு கிடையாது. பேரு மட்டும் இருக்கும்."

"ஆமா."

"அது நமக்குப் பழக்கந்தான."

ஒரு வெங்காயம் முழுக்க உரிந்து முடிந்தது. பிறகு கேட்டாள்.

"அன்னைக்கு நீங்க லேபுக்குப் போனியன்னு தெரியும். வால்டர் சொன்னான். அங்க போயி என்ன செஞ்சியன்னு நான் இதுவர கேக்கல."

"எண்ணினேன்."

"எம்புட்டு?"

"இருபத்திரண்டு வந்துது. இருபதுன்னு எழுதினேன்."

"தெரிஞ்சா?"

நான் இன்னொரு வெங்காயத்தை எடுத்தேன். அவள் கத்தியை வைத்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். வெங்காயம்.

"நான் பேர எழுதிப் போடத்தான் சொன்னேன்" என்றாள். "கூடப் போகாண்டாம்னு சொல்லலியே. வால்டருக்கு அப்பம் இருபத்தஞ்சு வயசு. சோப்பு டப்பாவத் தூக்குற மாரி கைல வச்சிக்கிட்டு ஒத்தையில நின்னான் பிள்ளையோட. தெரியுமா ஒங்களுக்கு?"

தெரியாது. நான் கேட்டதே இல்லை. பதினோரு வருடம் ஒரே மேசையில் சாப்பிட்டிருக்கிறோம். ஒவ்வொரு நவம்பர் இரண்டாம் தேதியும் அவளும் வால்டரும் கல்லறைக்குப் போவார்கள். எனக்குக் கணவாய் வந்துவிடும். அது ஞாயிற்றுக்கிழமையாக வந்தபோதுகூட எனக்குக் கணவாய் வந்திருக்கிறது.

"இந்த வருசமும் ரெண்டாந்தேதி ஞாயித்துக்கிழமதான் வருது" என்றாள் மெட்டில்டா. உரித்ததை அள்ளிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். மதியம் கணவாய்க் குழம்பு இல்லை, நாங்கள் வீட்டில் கணவாய் சமைப்பதில்லை. வெண்டைக்காய்ப் புளிக்குழம்பு.

அக்டோபர் 27, திங்கள்

மேடத்திடமும் சொன்னேன். எல்லாவற்றையும். குறிப்பேட்டையும் காட்டினேன். அவர் ரப்பர் தேய்த்த இடத்தைப் பார்க்கவில்லை. "ஆறாங்கிளாஸான்னு வேற கேட்டேனே சார்" என்று இரண்டு முறை சொன்னார். அப்புறம் எழுந்துபோய், ஏற்கெனவே கழுவி வைத்திருந்த வெறும் தகடுகளை மறுபடி கழுவினார்.

இரத்த அழுத்தம் பார்க்கவில்லை.

அக்டோபர் 30, வியாழன்

கட்டுரையை அனுப்பிவிட்டோம். பத்தியை நானே எழுதினேன். மாதிரி 16ஆம் தேதி பிடித்தது, 17 அல்ல. பிடித்து ஒரு நாள் கழித்து அறுக்கப்பட்டது. இரு கணவாய்களும் ஒரே தட்டில் இருந்தன. எண்ணிக்கையை இரண்டாவது ஆள் சரிபார்க்கவில்லை. பிழை முதல் ஆசிரியருடையது. 'பிழை' என்ற சொல்லுக்கு நான் வேறு சொல் தேடவில்லை என்றும் சொல்ல முடியாது. தேடினேன், மேடம் சீட்டு மாற்றுவதுபோலக் கையை நீட்டினார், பிழை என்றே எழுதிக் கொடுத்துவிட்டேன்.

பழைய பெயருக்குக் கீழே, ஓர் அங்குலம் உள்தள்ளி, அமலி நிற்கிறாள். வருடம், பக்க எண், என் பெயர் எல்லாம் கூடவே. இனி இந்தப் புழுவைப் பற்றி எவர் எந்த நாட்டில் முழுப் பட்டியல் எழுதினாலும் அந்த வரியை எழுதியாக வேண்டும்.

இரண்டு புது இனங்களில் ஒன்றுக்கு ஊர்ப்பெயர், மற்றதற்குத் தலையின் வடிவத்தை வைத்துப் பெயர். ஆள் பெயர் வேண்டாம் என்று மேடம்தான் சொன்னார்.

145/92.

நவம்பர் 1, சனி

தொம்மை போன் செய்தார். நாளைக்குக் கணவாய் வேண்டுமா என்று. ஞாயிற்றுக்கிழமை எப்படி என்றேன். "இன்னைக்கே புடிச்சி ஐசுல வச்சிருதேன். ஒங்களுக்குத்தான் ஞாயித்துக்கிழமயும் வேணுமே" என்று சிரித்தார். வேண்டாம் என்றேன்.

நவம்பர் 2, ஞாயிறு

முதல் பூசை முடிந்து போனோம். கல்லறைத் திருநாள் கூட்டம். எல்லாக் கல்லறையும் வெள்ளையடித்து, பூ வைத்து, பெயர்களுக்குக் கறுப்புப் பெயிண்ட் புதிதாக ஓட்டியிருந்தார்கள். வால்டர் வாசலிலேயே நின்றுகொண்டான். "நீங்க ரெண்டு பேரும் போங்க, மச்சான். நான் பூ வாங்கிட்டு வாரேன்." கையில் ஏற்கெனவே பூ வைத்திருந்தான்.

பின்சுவர் ஓரம் சின்னக் குழிகள், வரிசையாக. ஒவ்வொன்றுக்கும் தலைமாட்டில் ஒரு கல். பெயர் எழுதும் வழக்கம் அங்கே இல்லை. சில கற்கள் மண்ணில் புதைந்து தலை மட்டும் தெரிகிறது, சிலவற்றின் மேல் புல் மூடியிருக்கிறது.

மெட்டில்டா முன்னால் போகாமல் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் நின்றுவிட்டாள்.

"குழாயில இருந்து எண்ணணும்" என்றாள்.

"எத்தனாவது?"

"நீங்க எண்ணுங்க. நான் எங்க வந்து நிக்கணுமோ அங்க நிப்பேன்."

குனிந்து, புல்லை விலக்கி, ஒவ்வொரு கல்லாகத் தொட்டு எண்ணினேன். நான்காவதற்கு அப்புறம் ஒன்று மண்ணுக்குள் இருந்தது. விரலால் தோண்டிப் பார்த்தேன். கல்தான். அதையும் சேர்த்துக்கொண்டேன். அடையாளம் எதுவும் இல்லாமல் எண்ணிக்கொண்டே போனதால் எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை. அவள் பின்னாலேயே வந்துகொண்டிருந்தாள். ஓரிடத்தில் அவள் செருப்புச் சத்தம் நின்றது.

நானும் நின்றேன். ஏழு.

"எத்தன வந்துது?" என்றாள்.

"ஏழு."

"திரும்ப எண்ணுங்க."

குழாய்க்குப் போய், அங்கிருந்து மறுபடி, மண்ணுக்குள் இருந்ததையும் சேர்த்து எண்ணி வந்தேன். அவளும் என்னோடு நடந்தாள், சத்தம் வராமல், உதடு மட்டும் அசைந்தது. காற்றில் அவள் கையிலிருந்த மெழுகுவர்த்தி இரண்டு தடவை அணைந்தது. விரல் நகத்தில் மண். எனக்கு ஏழு. அவளுக்கும் ஏழு.